பக்கக் கதவைப் பூட்டக் கையெழுத்துப் போடாத நடுவாசல் அக்காவுக்கு

நீல வாசலுக்கும் பச்சை வாசலுக்கும் நடுவே நின்று நிலைத்த நெஞ்சத்தவரே! கத்துகின்ற எந்திரத்தின் முன்னே கலங்கி நின்ற கால்களுக்கெல்லாம் கதவு திறந்த கருணையே! வரிசை என்றால் வரிசைதான் என்று வாழ்ந்து காட்டிய வைராக்கியமே! இந்த நிலையத்தில் இதுவரை பழுதாகாத ஒரே பாகமே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்காவே! வணக்கம்.

இத்தகைய மடல்களில் 'தாங்கள்' என்று எழுதுவதே முறை. எழுதியும் பார்த்தோம். இரண்டாம் வரியிலேயே தலைமையகத்திலிருந்து வந்த யாரோ ஓர் அம்மாளுக்கு எழுதுவது போல ஆகிவிட்டது. தலைமையகத்தின் மீது எங்களுக்கு இப்போது இருக்கும் ஆத்திரத்தில் அந்தச் சாயல்கூட உங்கள் மேல் விழ வேண்டாம் என்று 'நீங்கள்' என்றே எழுதுகிறோம். எழுதும் பொறுப்பை நிலைய அறிவிப்பாளனாகிய என்னிடம் ஒப்படைத்தார்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பேசியும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத குரல் என்னுடையது. இன்றைக்காவது எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கவைக்கலாம் என்று தோழர்கள் இரக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாடியில் உள்ள கூட்ட அரங்கில் விழா எடுப்பது நம் நிறுவனத்தின் வழக்கம். சட்டமிட்ட சான்றிதழ் தருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக வாழ்நாள் பயண அட்டை ஒன்றைக் கையில் வைத்து, புகைப்படம் எடுக்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உங்களுக்கு அரங்கம் இல்லை. 'பராமரிப்புப் பணி' என்று எழுதிப் பூட்டிவிட்டார்கள், உள்ளே ஓர் ஆணிகூட அடிக்கும் சத்தம் கேட்கவில்லை. சான்றிதழ் இல்லை. வாழ்நாள் அட்டையும் இல்லை. அதற்குப் பதிலாக, முப்பது ஆண்டுகளுக்கும் மேலான உங்கள் பணிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கண்டனக் குறிப்பு! மன்னிப்புக் கேட்டு இரண்டே வரி எழுதிக் கொடுத்திருந்தால் குறிப்பு மறைந்திருக்கும், அட்டை வந்திருக்கும், அரங்கின் பராமரிப்பும் அந்த நொடியே முடிந்திருக்கும். நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் இந்த நடுக்கூடத்தில், உணவு விடுதிக்காரர் கொடுத்த நாற்காலிகளில், ரயில் வரும்போதெல்லாம் வாசிப்பை நிறுத்தி நிறுத்தி இந்த விழாவை நடத்துகிறோம்.

நடுவாசல் நாயகியே!

உங்கள் சம்பந்தி ஐயா பச்சை ரயிலில் வந்து இறங்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நம் நிலையத்தின் அழகு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்காகச் சொல்லிவிடுகிறோம்.

ஐயா, நாடு ஒன்று. நாணயம் ஒன்று. தண்டவாளத்தின் அகலம்கூட ஒன்று. ஆனால் அட்டை இரண்டு. நீல மண்டலத்து ரயிலுக்கு நீல அட்டை, பச்சை மண்டலத்து ரயிலுக்குப் பச்சை அட்டை. இரண்டிலுமே முன்கூட்டியே காசு போட்டு வைக்க வேண்டும். இரண்டு மண்டலமும் சந்திக்கிற இது போன்ற நிலையங்களில் அவற்றை இணைப்பதற்கென்றே மூன்றாவதாக ஒரு நிறுவனம் தோன்றியது. அது நாங்கள்தான். ஆண்டாண்டு காலமாக இணைத்துக்கொண்டே இருக்கிறோம், இன்னும் இணைந்தபாடில்லை. இணைந்துவிட்டால் எங்களுக்கு வேலை போய்விடும் என்பதால் பெரிதாக யாரும் அவசரப்படவும் இல்லை.

நீல ரயிலில் வந்தவர் நீல வாசலைக் கடந்து இந்தக் கூடத்துக்கு வருகிறார். எதிரே பச்சை வாசல். நீல அட்டையை அதன் மேல் வைக்கிறார். அது கத்துகிறது. சாதாரணக் கத்தலா அது? திருட்டுப் பயலைப் பிடித்துவிட்டேன், ஊரே ஓடி வா என்கிற கத்தல்! அட்டையில் காசு இருக்கிறது. அதுவும் அவருடைய காசு, முன்னாலேயே வாங்கிக்கொண்ட காசு. காசை முன்னால் வாங்கிக்கொண்டு ஆளைப் பின்னால் தள்ளுகிற இந்த வித்தையை எந்தக் கடைக்காரராவது செய்தால் சும்மா விடுவோமா? சரி, பச்சை அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், பச்சை அட்டை விற்கும் சாளரம் பச்சை வாசலுக்கு உள்ளே இருக்கிறது. உள்ளே போகப் பச்சை அட்டை வேண்டும். வந்த வழியே திரும்பலாம் என்றால், 'இப்போதுதானே வெளியே போனாய்?' என்று நீல வாசலும் கத்துகிறது. ஆக, கையில் காசும் காலில் செருப்பும் மனத்தில் அவசரமுமாக ஒரு மனிதர் எங்கும் போக முடியாமல் நிற்பதற்கென்றே பளிங்குக் கல் பதித்துக் கட்டிய கூடம் இது. திட்டம் போட்டவர்களுக்கு விருது கொடுத்தார்களாம். வாங்க வந்தவர்கள் காரில் வந்திருப்பார்கள்.

அந்த மனிதர்களுக்காக, கூடத்தின் நட்டநடுவே, ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நீங்கள்.

பச்சை வாசலின் ஓரத்தில் இருக்கும் பக்கக் கதவு, சக்கர நாற்காலிக்கும் பெரிய மூட்டைக்கும் என்று வைத்தது. 'தேவைப்படும் பயணிக்குப் பணியில் இருப்பவர் திறந்துவிடலாம்' என்று விதி சொல்கிறது. தேவை என்றால் எது என்று விதி சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள். மாட்டிக்கொண்டவரைப் பக்கக் கதவு வழியே அனுப்பி, கூடவே ஓர் ஊழியரையும் அனுப்பி, உள்ளே இருக்கும் சாளரத்தில் பச்சை அட்டை வாங்கவைத்து, ரயிலைக் காட்டிவிட்டு வரச் சொன்னீர்கள். ஒருவரும் ஓசியில் போகவில்லை. ஒருவரும் அவமானப்பட்டும் போகவில்லை. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம் என்று எங்களுக்குப் புரிய நாள் பிடித்தது.

விதிமுறையைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாததால் 'விதிமுறை' என்றே நாங்கள் பெயர் வைத்துவிட்ட வாசல் காவலர் இங்கே இருக்கிறார். வேலைக்கு வந்த புதிதில் அவர் உங்களிடம் சண்டைக்கு வந்தது எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

"அக்கா, அவர்கிட்ட பச்சை அட்டை இல்லையே, எப்படித் திறக்கிறது?"

"அவருக்கு வீடு இருக்கு, வேலை இருக்கு, போக வேண்டிய இடம் இருக்கு. இல்லாதது அட்டை ஒண்ணுதான். அதைப் போய் இவ்வளவு பெருசா பேசுறியேப்பா."

"எல்லாருக்கும் திறந்துவிட்டா அப்புறம் வாசல் எதுக்குக்கா?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். பதில் கிடைச்சா எனக்கும் சொல்லு."

அடியேனும் தப்பவில்லை. 'பச்சை அட்டை இல்லாதோர் பச்சைச் சாளரத்தை அணுகவும்' என்று தேன் குழைத்த குரலில் நான் அறிவித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அறிவிப்பு அறையின் கதவைத் தட்டாமலே வந்து நின்றீர்கள்.

"ஏம்ப்பா, அந்தச் சாளரம் எங்க இருக்கு?"

"உள்ளே அக்கா."

"அட்டை இல்லாத ஆளு எங்க நிக்கிறாரு?"

"வெளியே."

"அப்போ எப்படி அணுகுவாரு? பறந்தா?"

அன்று முதல் 'நடுக்கூடத்தில் அக்காவை அணுகவும்' என்று அறிவிக்கத் தொடங்கினேன். 'அக்கா என்றொரு பதவி நிறுவனத்தின் பணியிடப் பட்டியலில் இல்லை' என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. இல்லைதான். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரே பதவிதான் இங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

வரிசையின் வழக்கறிஞரே!

பக்கக் கதவுக்கு நீங்கள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். கழுத்துப்பட்டை கட்டியவர், கண்ணைக் கசக்குகிறவர், 'நான் யார் தெரியுமா?' என்கிறவர், 'எனக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறது' என்கிறவர், எவராக இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். ஒருமுறை உங்கள் கணவரே மறந்துபோன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போக அவசரப்பட்டபோது, "என்னங்க, பின்னாடி போய் நில்லுங்க, எல்லாரும் பார்க்குறாங்க" என்றவர் நீங்கள். அவர் போய் நின்றார். அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

அந்தச் சட்டம்தான் இப்போது குற்றமாகியிருக்கிறது.

ஒருங்கிணைந்த அட்டையின் தொடக்க விழா நடந்த நாளை யாரும் மறக்கவில்லை, மறக்கவிடவும் போவதில்லை. இரு மண்டலத்துக்கும் ஒரே அட்டை! எந்த வாசலிலும் செல்லும் அட்டை! வாசலுக்கு வாசல் வாழைப்பழச் சீப்பு போலத் தொங்கிய பலூன்கள்! நிறுவனத்தின் தலைவர் நீல ரயிலில் வந்து இறங்கி, நாடாவை வெட்டி, புத்தம் புதிய அட்டையைக் காமிராக்களுக்குக் காட்டிவிட்டுப் பச்சை வாசலின் மேல் வைத்தார்.

அது கத்தியது.

தலைவர் சிரித்தபடி மறுபடி வைத்தார். கத்தியது. உதவியாளர் அட்டையைப் புரட்டி வைத்தார். கத்தியது. தொழில்நுட்பப் பிரிவுக்காரர் கைக்குட்டையால் துடைத்து, தன் நெற்றியையும் அதே கைக்குட்டையால் துடைத்து, மறுபடி வைத்தார். இன்னும் உற்சாகமாகக் கத்தியது. இதற்கிடையில், விழாவுக்கென்று நான் முன்பே பதிவு செய்து வைத்திருந்த குரல், 'இனி நாடு முழுவதும் ஒரே அட்டை! தொடுங்கள், தொடருங்கள்!' என்று ஒவ்வொரு கத்தலுக்கும் பதில் சொல்வது போல முழங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஓடினேன். பதற்றத்தில் வேறு குமிழைத் திருகிவிட்டேன். குரல் இரண்டு மடங்கானது. என் வாழ்நாளிலேயே என் அறிவிப்பை எல்லாரும் கவனித்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

தலைவர் திரும்பி நீல வாசலுக்குப் போனார். அதுவும் கத்தியது. நாட்டின் இரண்டு மண்டலங்களையும் இணைக்கும் பொறுப்பில் இருப்பவர், மாலையும் கழுத்துமாக, எங்கள் கூடத்தில் மாட்டிக்கொண்டார். நாள்தோறும் இங்கே மாட்டிக்கொள்கிற மக்களின் நிலை அந்த ஒரு முறையாவது மேலிடத்துக்குத் தெரிந்ததே என்று நாங்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். எங்களுக்கு வியர்த்ததுதான் மிச்சம். வியர்க்காதவர் நீங்கள் ஒருவர். சாவியை எடுத்துக்கொண்டு பக்கக் கதவுக்கு வந்தீர்கள்.

விழாவுக்காக எல்லா வாசலிலும் பயணிகளைத் தடுத்து வைத்திருந்ததால் பக்கக் கதவின் முன்னே ஏற்கெனவே மக்கள் நின்றிருந்தார்கள். முதலில் கொத்தனார் ஒருவர், மட்டப் பலகையும் கரண்டிப் பையுமாக. அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். உதவியாளர் தலைவரை நேராகக் கதவருகே அழைத்து வந்துவிட்டார்.

"அம்மா, சார் நிக்கிறாரு. தெரியலையா?"

"தெரியுது தம்பி. அவருக்கு முன்னாடி கொத்தனார் நிக்கிறாரு. அது உங்களுக்குத் தெரியலையா?"

கொத்தனார் கூசிப்போனார். "சார் போகட்டும்மா. நான் எப்பவும் நிக்கிற ஆளுதான்."

"அதனாலதான் சொல்றேன். நீங்க முதல்ல போங்க."

அவர் போனார். மட்டப் பலகை கதவில் இடித்தது. ஒலிபெருக்கியில் என் குரல் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது.

தலைவர், நியாயமாகச் சொல்ல வேண்டும், வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். கைக்குழந்தைக்காரப் பெண் கதவருகே வந்ததும் குழந்தை நழுவ, பை நழுவ, அட்டையைத் தேட, அவர் திண்டாடினார். நீங்கள் சுற்றிலும் பார்த்தீர்கள். கையில் சுமை இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தவர் தலைவர் ஒருவர்தான்.

"சார், கொஞ்சம் அந்தப் பையைப் பிடிச்சுக்குறீங்களா?"

பிடித்துக்கொண்டார். பால் புட்டி எட்டிப் பார்க்கிற பூப்போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, வரிசையில் நிற்கும் அந்தப் படம்தான் மறுநாள் நாடெங்கும் கைப்பேசிகளில் சுற்றியது. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் முறை வந்தபோது அவர் உங்களிடம் "நன்றிம்மா" என்றார். நாங்கள் எங்கள் காதால் கேட்டோம். அவர் கோபப்பட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் பெரியவர்கள் சார்பில் கோபப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள் தலைமையகத்தில் ஒரு மாடி முழுக்க இருக்கிறார்கள்.

குறிப்பாணை வந்தது. யாருக்கு? வேலை செய்யாத அட்டையைச் செய்தவருக்கா? இல்லை. அது செல்லும் என்று சான்று கொடுத்தவருக்கா? இல்லை. ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல் பலூன் கட்டச் சொன்னவருக்கா? இல்லவே இல்லை. கத்தியது எந்திரம், குறிப்பாணை அக்காவுக்கு! 'உரிய அனுமதியின்றிப் பக்கக் கதவைத் திறந்தும், முதன்மை விருந்தினரைப் பொதுமக்கள் வரிசையில் நிறுத்தியும், அவரைச் சுமை தூக்கவைத்தும், நிறுவனத்தின் மாண்புக்கு ஊறு விளைவித்தமைக்கு' விளக்கம் வேண்டுமாம். பொதுமக்கள் வரிசையில் நிற்பது ஊறு என்றால், அந்த வரிசையில் அன்றாடம் பொதுமக்களை நிற்கவைப்பதற்கு என்ன பெயர்? பால் புட்டிப் பை சுமை என்றால், குழந்தையையும் சேர்த்துச் சுமக்கிறவளுக்காக யார் குறிப்பாணை அனுப்பியது? கேட்க எங்களுக்கு வாய் இருக்கிறது. அன்றைக்கு நாக்கு மேல் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அஞ்சாத அக்காவே!

சென்ற வாரம் விசாரணை அதிகாரி உங்கள் மேசைக்கு வந்தார். கெட்டவர் அல்லர். தட்டச்சு செய்த ஒரு தாளை உறையிலிருந்து எடுப்பதற்குள் அவர் தண்ணீர் கேட்டுக் குடித்த விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் ஏதோ வேலை இருப்பது போல மேசையைச் சுற்றி வந்து நின்றோம். துப்புரவுப் பணி பார்க்கும் அம்மா ஒரே பளிங்குக் கல்லைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டே வரிம்மா. ஒரு கையெழுத்து. குறிப்பை எடுத்துடுவாங்க. வாழ்நாள் அட்டை என் பையிலயே இருக்கு." எடுத்தும் காட்டினார்.

அந்த அட்டையைப் பற்றிச் சம்பந்தி ஐயா தெரிந்துகொள்ள வேண்டும். நீல வாசலிலும் பச்சை வாசலிலும் உண்மையாகவே செல்லுகிற அட்டை நாட்டில் ஒன்றே ஒன்று உண்டு. அது ஓய்வு பெற்றவர்களுக்கும் உயரதிகாரிகளுக்கும் மட்டும். எந்த வாசலும் அதைப் பார்த்துக் கத்தாது, காசும் கேட்காது. புது அட்டையை நம்பித் தலைவர் அன்றைக்கு அதை வீட்டில் விட்டுவிட்டு வந்ததுதான் வினை. எனில், ஒரே அட்டை என்பது முடியாத காரியம் அல்ல. செய்து முடித்திருக்கிறார்கள். தங்களுக்கு மட்டும் செய்துகொண்டிருக்கிறார்கள்! இதை நினைக்கும்போது என் போன்ற கோழைக்கும் கை துடிக்கிறது.

அந்த அட்டைக்காக நீங்கள் காத்திருந்தது எங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் பச்சைப் பாதையின் கடைசி நிலையத்தில் இருக்கிறார். குழந்தை பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை. இத்தனை காலம் மற்றவர்களை எல்லாம் அந்தப் பக்கம் அனுப்பி வைத்த நீங்கள், விடுப்புக் கிடைக்காமல், பேத்தியைக் கைப்பேசியில்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். "காதுக்குப் பின்னாடி துடைடி, அங்கதான் பால் காயும்" என்று மேசையடியில் குனிந்து நீங்கள் கிசுகிசுப்பதை நாங்கள் கேட்காதது போலக் கேட்டிருக்கிறோம். ஓய்வு பெற்றதும் வாரம் தவறாமல் போய்விடுவேன், அட்டை மட்டும் கைக்கு வரட்டும் என்பதுதான் உங்கள் பேச்சாக இருந்தது.

ஆகவே நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். "போட்டுருங்கக்கா!" விதிமுறைகூட, "இதுக்கு விதியில இடம் இருக்குக்கா, போட்டுருங்க" என்றார். நான் பேனாவின் மூடியைக் கழற்றி உங்கள் கையில் திணித்தேன்.

நீங்கள் தாளைப் படித்தீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தீர்கள்.

"சார், 'இனி இவ்வாறு நிகழாது'ன்னு போட்டிருக்கே. நான் வீட்டுக்குப் போறேன். இனிமே எனக்கு எங்க நிகழப் போகுது? இது யாருக்கு எழுதினது?"

அதிகாரி மேசையைப் பார்த்தார்.

"சுற்றறிக்கையோட இணைப்பா போகும்மா. எல்லா நிலையத்துக்கும்."

"என்ன சுற்றறிக்கை?"

"பக்கக் கதவைப் பத்தி. இனிமே சக்கர நாற்காலிக்கு மட்டும்தான்னு. பழைய விதியை மாத்தணும்னா, திறந்தது தப்புன்னு திறந்தவங்களே ஒத்துக்கிட்ட ஒரு தாள் வேணுமாம்."

தாளை மேசையில் வைத்தீர்கள்.

"அப்போ என் கையெழுத்தை வெச்சு நாடு முழுக்கக் கதவைப் பூட்டப் போறீங்க."

"நான் இல்லம்மா..."

"நீங்க இல்ல சார், தெரியும். நீங்க தாளைக் கொண்டுவந்தவரு." பிறகு எங்களைப் பார்த்தீர்கள். ஒவ்வொருவரையும் பார்த்தீர்கள். "இதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒருத்தன் இங்க வந்து முழிச்சுக்கிட்டு நிக்கும்போது இதுங்க கதவு பக்கமே போகாதுங்க. அக்காவே தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்குங்க. இதுங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தெரியும். சரியாகவே தெரிந்து வைத்திருந்தீர்கள்.

பேனாவை மூடினீர்கள். என்னிடம் கொடுத்தீர்கள். அட்டையை அதிகாரியின் பக்கம் ஒரு விரலால் நகர்த்தினீர்கள். "என் மக வீட்டுக்கு நான் எப்படியாவது போய்க்கிறேன் சார். இன்னொரு டம்ளர் தண்ணி குடிக்கிறீங்களா?"

அவ்வளவுதான் நடந்தது. அதனால்தான் கண்டனக் குறிப்பு அப்படியே நின்றது. இணைப்புத் தாள் கிடைக்காததால் சுற்றறிக்கை இன்றுவரை வெளிவரவில்லை. பழைய விதி அப்படியே இருக்கிறது. இந்த நாட்டில் எத்தனை நிலையங்களில் எத்தனை பக்கக் கதவுகள் இன்றைக்குத் திறந்தனவோ, அத்தனையும் நீங்கள் வாங்காத ஓர் அட்டையால் திறந்தவை. திறந்தவர்களுக்கு அது தெரியாது. கடந்து போனவர்களுக்கும் தெரியாது. பேத்தியின் காதுக்குப் பின்னால் துடைத்துவிடக் காத்திருந்த இரு கைகளுக்கு வர வேண்டிய அட்டை அதற்கு விலையாகப் போயிற்று என்பது தலைமையகத்து மேல்மாடிக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும், அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

உங்கள் மீது எழுதிய கண்டனத்தை நாங்கள் கண்டிக்கிறோம். அரங்கத்தைப் பூட்டிய கையைக் கண்டிக்கிறோம். எந்திரத்தை விட்டுவிட்டு மனுஷியைப் பிடித்த அறிவைக் கண்டிக்கிறோம். இரண்டு வரிக்காக உங்களிடம் கெஞ்சிய எங்களையும் வரிசையில் சேர்த்தே கண்டித்துக்கொள்கிறோம். நிறுவனம் தராத சான்றிதழின் இடத்தில் இந்த மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். கண்ணாடி நல்ல கண்ணாடி. சட்டம் கொஞ்சம் கோணல், தச்சர் நம் பண்டகசாலைக்காரரின் மைத்துனர் என்பதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வீட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். வருகிறவர்கள் கேட்டால், கண்டனம் வாங்கியதற்குக் கிடைத்த பரிசு என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

முழங்கால் வலி முணுமுணுக்காமலும், கண்பார்வை கலங்காமலும், சர்க்கரை உங்கள் காப்பியில் மட்டுமே இருந்து இரத்தத்தில் ஏறாமலும், இத்தனை ஆண்டுகளாகப் பின்னால் போய் நின்ற கணவர் இனியாவது உங்களோடு முன்னால் நடக்க, பேத்தி வளர்ந்து உங்களையே அதட்டும் நாள் வரைக்கும், அதற்கு அப்புறமும் நெடுங்காலம், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நாளைக் காலை நீங்கள் மகளைப் பார்க்கக் கிளம்புகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் எல்லாரையும் போல, காசு போட்ட ஒரு நீல அட்டையோடு பயணியாக வருவீர்கள். பச்சை வாசலில் வைப்பீர்கள். அது கத்தும். உங்கள் மேசையில் வேறு யாரும் இன்னும் நியமிக்கப்படவில்லை. ஆனாலும் நீங்கள் ஒரு நொடிகூட அங்கே நிற்க வேண்டியிருக்காது. உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும், அவருக்குப் பின்னால் முகம் தெரியாத யாரோ ஒருவருக்கும், நாளை மறுநாள் வருகிறவருக்கும் அப்படித்தான். பக்கக் கதவு திறக்கும். திறந்தது யார் என்று கேட்டு மேல்மாடியிலிருந்து அடுத்த குறிப்பாணை வரும். அவர்கள் விசாரித்து அலைய வேண்டாம் என்று, திறக்கப் போகிறவர்கள் அனைவரும் கீழே கையொப்பம் இட்டிருக்கிறோம்.

இங்ஙனம்,

வாசல் காவலர்கள் ('விதிமுறை' உட்பட)
நீலச் சாளரத்தார், பச்சைச் சாளரத்தார்
துப்புரவுப் பணியாளர்கள்
பண்டகசாலைக்காரர்
நாற்காலி தந்த உணவு விடுதிக்காரர்
அறிவிப்பாளன்

மற்றும், கூட்டத்தின் பின்னால் நின்றபடி இதைக் கடைசியாக வாங்கிப் படித்துவிட்டு, பேனா கேட்டுக் கையெழுத்திட்ட விசாரணை அதிகாரி (இன்று ஒரு நாள் விடுப்பு).